ஈட்டிக்காரரிடம் அப்பா நீட்டிய தாள்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த நீராவியை உள்ளங்கையால் துடைத்து வானத்தைப் பார்த்ததுதான். எங்கள் ஒற்றை அறையில் அம்மா தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். கை சில்லிட்டது... மழை இல்லை!

ஜெர்மனிக்கு வந்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கிய பிறகு எங்களுக்கு அது இரண்டாவது கோடை. அகதிகள் விடுதியில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. பக்கத்து ஊர்க் கோட்டைத் திடலில் ஆண்டுதோறும் ஒரு சந்தை நடக்கும். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய உடுப்பில் ஆட்கள் வருவார்களாம், வாள் சண்டை போடுவார்களாம். என் வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஒரே சிக்கல், அந்த ஊர் அடுத்த மாவட்டம். அனுமதியில்லாமல் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்று எங்கள் அகதித் தாளில் எழுதியிருந்தது.

“பிடிபட்டால் எங்கடை அகதிக் கேஸ் பழுதாப் போடும்,” என்றார் அப்பா.

“பஸ்ஸிலை இருபது நிமிசம். ஆர் மறிக்கப் போகினம்? பிள்ளை ஒரு கிழமையா நித்திரை கொள்ளேல்லை, வாங்கோ,” என்றார் அம்மா.

மறித்தார்கள்.

திடல் வாசலில் இரும்பு வளையச் சட்டையும் ஈட்டியுமாக ஓர் ஆள். “எங்கிருந்து வருகிறாய்? அனுமதிக் கடிதம் எங்கே?” என்று வருகிறவர்களை எல்லாம் அதட்டினார். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் சிரித்தபடி எதையோ சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் நாலாக மடித்து வைத்திருந்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். தாள் நடுங்கியது.

அந்த ஆள் வாசித்தார். அதட்டல் நின்றுபோனது. தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இரண்டு கையாலும் அப்பாவிடம் கொடுத்தார். பிறகு குனிந்து என் காதில் மெதுவாக ஏதோ சொன்னார். நான் அப்பாவுக்குச் சொன்னேன்:

“அப்பா, இவர் பொலிஸ் இல்லையாம். மற்ற நாளிலை பேக்கரியிலை பாண் போடுறவராம்.”

அம்மா வைக்கோல் கட்டொன்றில் இருந்துவிட்டார். சிரிப்பு அடங்கவில்லை. “ஒரு பாண்காரனுக்கோ இந்த நடுக்கம்?”

“அவன்ரை கையிலை ஈட்டியெல்லோ இருந்தது!”

விறகுப் புகை, மேளம், தேன் தடவிய ரொட்டி... ஒன்றையும் விடவில்லை. மாலையில் வெளியே வரும்போது, யாரும் மறிக்காமலே அப்பா வாசலில் நின்றார். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். பாண்காரர் தலைக்கவசத்தைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். இருவரும் சிரித்தார்கள். ஒரு ஜெர்மன்காரரோடு சேர்ந்து அப்பா சிரித்ததை நான் அன்றுதான் முதல் தடவை கண்டேன்.

இப்போது நான் வேலைக்காக நாடு விட்டு நாடு போய் வருகிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை. கேஸ் வென்று எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும் அப்பா பஸ்ஸில் ஏறும்போது இன்றும் ஒருமுறை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

சந்தை இன்னும் நடக்கிறது. இந்த வருடம் வாசல் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள். நான் பெயர் கொடுக்கப் போகிறேன். வீட்டில் ஒருவருக்கும் இன்னும் சொல்லவில்லை... நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அப்பா வரும்போது ஈட்டியைக் குறுக்கே வைத்து மறிப்பேன்.

சட்டைப் பையிலிருந்து என்ன எடுத்து நீட்டுகிறார் என்று பார்க்க வேண்டும்.