வெயிலுக்கு ஏங்கிய வீடு

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறும்போது முதுகில் வழியும் வியர்வை சூளகிரி தாண்டியதும் தானாக அடங்கிவிடும். ஓசூர் நெருங்குவதற்குள் யாராவது ஒருவர் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் குரல் கொடுப்பார். வேப்பனப்பள்ளியில் பிறந்த எனக்கு இது பழகிப்போனது. இராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த என் தோழியிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர ஒரு மார்கழியில், மெல்லிய பருத்திச் சுடிதாரோடு வந்து இறங்கினாள். பெண்கள் விடுதியில் எனக்கு அடுத்த கட்டில் அவளுடையது.

மறுநாள் காலை போர்வையைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டிக்கக் கேட்டாள்.

"அக்கா, இதுவும் தமிழ்நாடுதானா?"

என் பழைய ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஷிப்டுக்குப் போவதும் வருவதும் ஒன்றாகத்தான்.

எங்கள் ஊர் வானத்தை அவள் வழியாகத்தான் நான் புதிதாகப் பார்த்தேன். சித்திரையில் ஒரு பிற்பகல், திடீரென்று இருட்டிக்கொண்டு ஆலங்கட்டி விழுந்தது. நாங்களெல்லாம் தலையைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே ஓட, அவள் மட்டும் துப்பட்டாவை விரித்துப் பிடித்தபடி நடுவாசலில் நின்றாள். "கல்லுடி, மண்ட ஒடஞ்சிடப் போவுது, உள்ள வா!" என்று நான் கத்தியது அவள் காதில் ஏறவே இல்லை.

ஆடி மாதம் எங்கள் பிரிவிலிருந்து கர்நாடக மலைநாட்டுக்குச் சுற்றுலா கிளம்பினோம். ஓசூரில் அப்போது வெறும் காற்றும் தூறலும்தான். ஊருக்குப் போன் செய்தால், அங்கே புழுதி பறக்கிறது என்று அவள் அம்மா சொன்னார். சிக்கமகளூர் தாண்டி மலை ஏறியபோதோ, வானத்துக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியாதபடி கொட்டிக்கொண்டிருந்தது. மதியவாக்கில் ஒரு பெரிய மரம் ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடக்க, வேன் நின்றுவிட்டது. மரத்தை அறுக்க ஆட்கள் வரும்வரை, பக்கத்துப் பாக்குத் தோட்டத்து வீட்டில் எங்களை உட்கார வைத்தார்கள்.

அந்த வீட்டம்மாவுக்குக் கன்னடம் மட்டும்தான். எனக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று வளர்ந்த வாய். அதனால் பேச்சு என் வழியாகவே நடந்தது. சூடாக மிளகுக் கஷாயமும், சுட்ட பலாக்காய் அப்பளமும் கொடுத்தார். வெந்நீர் அடுப்புக்கு மேலே கொடி கட்டி, ஈரத்துணிகள் புகையில் தொங்கிக்கொண்டிருந்தன.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து ஓட்டு விளிம்பிலிருந்து இறங்கும் தண்ணீரையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கண் கலங்கிவிட்டது.

"என்னாடி ஆச்சு?"

"எங்கம்மா ஒரு கொடம் தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடக்கும் தெரியுமாக்கா? இங்க பாருங்க, கேக்க ஆளில்லாம ஓடுது."

எதற்கு அழுகிறாள் என்று வீட்டம்மா விசாரித்தார். சொன்னேன். அவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நிம் ஊரல்லி தினா பிசிலா?"

"உங்க ஊர்ல தெனமும் வெயிலான்னு கேக்கறாங்க."

"ஆமா, தெனமும்தான்."

"தொவச்ச துணி ஒரே நாள்ல காஞ்சிடுமான்னு கேக்கறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நாளா? அடுத்த சேலையப் பிழியுறதுக்குள்ள முதல் சேல காஞ்சிரும்னு சொல்லுங்க."

சொன்னதும் அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஆனி பிறந்ததிலிருந்து அவர் சூரியனையே சரியாகப் பார்க்கவில்லையாம். சுவரெல்லாம் பாசி, தலையணையில்கூட பூஞ்சை வாசம். அப்படி ஒரு வெயிலில் ஒரு நாள் முழுக்கக் கால் நீட்டி உட்கார வேண்டும் என்றார். தன் ஊர் வெயிலுக்கு ஆசைப்பட ஒருத்தர் இருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மிளகாய் காயும் களத்தையும், உப்புப் பாத்தி பளபளப்பதையும், கருவாடு உலரும் கடற்கரையையும் சொல்லத் தொடங்கினாள். மொழிபெயர்த்தே என் வாய் வலித்தது. மரத்தை அகற்றியாயிற்று என்று டிரைவர் வந்து கூப்பிட்டபோது இரண்டு பேருக்குமே எழுந்திருக்க மனமில்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணம் முடிவாகி, அவள் கிராமத்துக்குப் பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டுப் போனாள். நான் ஓசூரிலேயே தங்கிவிட்டேன். கோடை விடுமுறையில் வருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லியும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"சித்திரையில வந்துராதீங்கக்கா. அப்ப வெறும் பொட்டல்தான். கார்த்திகையில வாங்க. எங்க ஊரு நல்லா இருக்கையில நீங்க பாக்கணும்."

சென்ற கார்த்திகையில் போனேன். பரமக்குடி தாண்டியதிலிருந்து இருபுறமும் இளநெல். பஸ் நின்ற இடத்திலிருந்து வீட்டுக்குக்கூட அழைத்துப் போகாமல், என் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நேராகக் கண்மாய்க் கரைக்கு இழுத்துப் போனாள். கண்மாய் ததும்பி நின்றது. பாதி முங்கிய கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. நிரம்பிய தண்ணீர் வழிந்து மறுகால் பாய்கிற சத்தத்துக்கு மேலாக அவள் பேசிக்கொண்டே வந்தாள். எது எந்தப் பறவை, எந்த மடையில் யார் வயலுக்குத் தண்ணீர் போகிறது, எல்லாம் சொன்னாள்.

அவள் மாமியார் இரண்டாவது தடவை ஆள் அனுப்பிய பிறகுதான் கரையை விட்டு இறங்கிச் சாப்பிடப் போனோம்.