அஸ்காவும் ஆறாத புண்ணும்

எந்த வேலையிலும் நிலைக்காமல் ஊர் ஊராகத் திரிந்த நான், தொண்ணூறுகளில் கொஞ்ச காலம் சூலூரில் தறி ஓட்டினேன். பக்கத்துத் தறிக்காரரை அண்ணா என்பேன். செருப்புக் கடித்து அவர் கால்விரலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. விரல் கறுத்ததும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் வெளியூர்க்காரர்.

"சர்க்கரை வியாதி. மாத்திரை சாப்பிடுங்க, சர்க்கரையை அடியோட நிறுத்துங்க. இல்லைன்னா பாதத்தையே எடுக்க வேண்டி வரும்."

பாதம் போனால் தறியடியில் நிற்க முடியாது. அண்ணாவுக்கு வேறு தொழிலும் தெரியாது.

அடுத்த முறை போனபோது ரத்தத்தில் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது.

"நிறுத்தலையா?"

"அன்னைக்கே நிறுத்திப்போட்டனுங்க. இப்ப டீக்கு அஸ்காதானுங்க."

"அஸ்கான்னா?"

"வெள்ளையா இருக்குமுங்களே, கடையில."

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் சக்கரை என்றால் நாட்டுச் சக்கரை. வெள்ளைச் சீனிக்குப் பேர் அஸ்கா. அவர் சொன்னது ஒன்று, அண்ணா காதில் விழுந்தது வேறு. கூட உட்கார்ந்திருந்த எனக்கும் உறைக்கவில்லை.

"ரெண்டுமே கூடாதுய்யா!"

பிறகு பொறுமையாக விளக்கினார். புண் ஆற அங்கே புது ரத்தக்குழாய் கிளைக்க வேண்டும். குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்கள், சுற்றியுள்ள செல்களுக்கு 'வளருங்கள்' என்று சேதி அனுப்பும். வளர்ச்சிக் காரணி என்ற புரதம்தான் அந்தச் சேதி. சர்க்கரை ஏறிக்கிடந்தால் சேதி குறைந்துபோகும்; போய்ச் சேர்ந்தாலும் வாங்குகிற செல் சரியாக வாங்காது. கண்ணிலோ தலைகீழ். சேதி மிஞ்சி, வேண்டாத இடத்தில் குழாய் முளைத்துப் பார்வையைக் கெடுக்கும்.

"தறிக்குடோன்ல கத்துற மாதிரிங்களா? கத்துறது கத்துறதுதான், தறிச் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்காது."

"அதேதான்."

"அப்ப மொதல்ல தறிய நிறுத்தோணும்" என்று அண்ணா தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். உடம்புக்குள் இத்தனை பேச்சு நடப்பது அன்றுதான் தெரிந்தது. பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அண்ணா பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

விரலை எடுத்தார்கள். வெட்டிய இடம் ஆறுமா என்பதுதான் கேள்வி. அண்ணா வெறும் டீயை முகம் சுளித்துக் குடித்தார். ஒருநாள் கட்டுப் பிரிக்கையில் புண்ணின் விளிம்பு சிவந்து, பஞ்சு பட்டதும் ரத்தம் கசிந்தது. நான் பதறினேன். டாக்டரம்மா, "நல்லது, குழாய் வருது" என்றார்.

பாதம் தப்பியது. நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அண்ணா இரண்டு தறி ஓட்டிக்கொண்டிருந்தார். முன்பு நாலு.