சீதன அரண்மனை

செங்கலடியில் அஜந்தாவிடம் தைக்கக் கொடுத்தால் சொன்ன நாளில் கிடைக்காது. ஆனால் கிடைக்கும்போது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரி என்று எனக்கும் சலுகை கிடையாது. என் மகளின் சடங்குப் பாவாடை, சடங்கு தொடங்கும்போதுதான் வேலிக்கு மேலால் வந்தது. கை அப்படிக் கெட்டி; வாய்தான் இல்லை. யாரையும் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லமாட்டாள். அதை அவள் புருஷன் உதயரூபன் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டான்.

அவன் ஓட்டோ ஓடுகிறவன். "வாழைச்சேனைக்கு ஒரு ஹயர்" என்று சவாரி கிளம்பினால் திரும்ப நாலைந்து நாள் ஆகும். ஹயர் போகிறவன் சென்ட் பூசிக்கொண்டா போவான்? அங்கே அவனுக்கு இன்னொருத்தி இருப்பது ஊருக்கே தெரியும். திரும்பி வந்து இளிப்பான். அஜந்தாவும் சோறு போடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வெளிய போங்க எண்டு சொல்லத்தான் நினைக்கிறன் அக்கா. முகத்தக் கண்டா வாய் வருதில்ல" என்று ஒருநாள் அழுதாள். அந்தச் சொல் வராமல் அவள் உருக்குலைந்துகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நல்லரத்தினம் மாஸ்டர் கலாசார விழாவுக்கு அரச நாடகம் எழுதினார். உயரமும் மீசையும் இருந்ததால் உதயரூபன்தான் அரசன். அரசன் ஒரு நாட்டியக்காரியைக் கூட்டிவந்து அரசியைத் துரத்துகிறான். அரசி காலில் விழுந்து அழுது, காட்டுக்குப் போகிறாள். அரசிக்குத்தான் ஆள் அகப்படவில்லை. ஊர் பார்த்திருக்க அடுத்தவள் புருஷன் காலில் விழ எவள் சம்மதிப்பாள்? உடுப்புக்கு அளவெடுக்க வந்த அஜந்தா, "நான் நடிக்கிறன் மாஸ்டர்" என்றாள். மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். எனக்கோ கோபம். வீட்டில் பணிந்துபோவது காணாதென்று மேடையிலுமா? அவளைத் தனியே விட மனமில்லாமல் தோழி வேஷத்துக்கு நான் பெயர் கொடுத்தேன்.

விழா அன்று பின்னேரம் மைதானம் நிறையச் சனம். உதயரூபன் வாளை உருவி முழங்கினான்.

"அரசியே! இக்கணமே என் அரண்மனையை விட்டு வெளியேறு!"

அஜந்தா விழவில்லை. மறந்துவிட்டாளென்று நினைத்து, "விழு புள்ள, விழு" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தேன்.

"யாருடைய அரண்மனை, மன்னா?" என்றாள் அவள். "இது என் தாய் எனக்குத் தந்த சீதனம். நீர் மாப்பிள்ளையாக வந்தவர். வெளியேற வேண்டியவரும் நீரே!"

சனத்திடமிருந்து எழுந்த சிரிப்பில் மேடையே ஆடியது. எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் ஒதுங்குவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். இந்த மட்டக்களப்பில் ஒருவன் பெண்டாட்டியைப் பார்த்து வீட்டை விட்டுப் போ என்கிறான்! எழுதிய மாஸ்டருக்கும் உறைக்கவில்லை, இத்தனை ஒத்திகை பார்த்த எங்களுக்கும் உறைக்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று, "வெளிய போங்க மன்னா!" என்று கூவினார்கள்.

உதயரூபன் கிட்டப் போய், "அஜந்தா, சனம் பாக்குது" என்று முணுமுணுத்தான். மைக் அதையும் மைதானம் முழுக்கச் சொன்னது.

"பாக்கட்டும்" என்றாள்.

அவன் முடியும் வாளுமாக இறங்கி ஓட்டோவில் ஏறிப் போய்விட்டான். மாஸ்டர் காட்டுக் காட்சியைக் கைவிட்டார். சிம்மாசனத்தில் ஏறி இருந்த அஜந்தாவுக்கு நான் மனம் குளிரக் குளிரச் சாமரம் வீசினேன்.

ஆனாலும் உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். பட்டுடுத்தி மேடையில் சொல்வது வேறு, வீட்டு வாசலில் சொல்வது வேறு.

விடிந்ததும் ஓட்டோ வந்து நின்றது. நான் வேலியோரம் போய் நின்றேன். இதில் வெட்கம் என்ன?

"நாடகத்தில கலக்கிப்போட்டாய்" என்று இளித்தபடி இறங்கினான் உதயரூபன். "பசிக்குது, சாப்பாட்டப் போடு."

அஜந்தா சாயம்போன சட்டையோடு, தலைகூட வாராமல், கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து நான் நடிக்கல்ல" என்றாள். "இது என்ட வீடு. போங்க."

அவன் சிரிப்பு இறங்கிவிட்டது. அவள் கேற்றைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள். ஓட்டோச் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னக்கா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? வாங்க, தேத்தண்ணி குடிப்பம்."