விளக்குக்காகச் சாத்திய ஜன்னல்

எங்கள் வீட்டில் சமையலறையும் பூஜையறையும் ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தில் வாடகை ஃப்ளாட்டில் அதற்குமேல் எதிர்பார்த்தால் பேராசை. அடுப்பு மேடைக்கு எதிர்ச்சுவரில், மார்பளவு உயரத்தில் ஒரு கடப்பைக்கல் பலகை. அதில் சாமி படங்கள், அவற்றின் முன்னால் என் மாமியாரின் காமாட்சி விளக்கு. அந்த வருடம் ஆடி பிறந்த அன்று ஏற்றிய விளக்கை அவர் அணையவே விடவில்லை. துறையூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவர் மகளுக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவது ஏழாம் மாதத்தில் இருந்தது. பிரசவம் ஆகும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்று வேண்டுதல்.

வேண்டிக்கொண்டவருக்கு மாதம் பார்க்கத் தெரியவில்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது திரி எம்மாத்திரம்? காவிரி எங்களுக்கு நாலு தெரு தள்ளி. அதனால் சமையலறை ஜன்னல் சாத்தப்பட்டது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையை அட்டை வைத்து அடைத்தார். ஹாலில் ஓடும் ஃபேன் காற்று வரக் கூடாதென்று சமையலறைக் கதவும் எந்நேரமும் மூடியே இருந்தது. உள்ளே நின்று தாளிக்கும்போது நானே வெந்துபோனேன். கொஞ்சம் ஜன்னலைத் திறக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"தாராளமாத் திறந்துக்கோ. அங்க ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு எவள் திறப்பாள்?

அத்தை கொடுமைக்காரர் இல்லை. நாலு பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுத்ததும் இல்லை. ஆனால் மனதில் ஒன்று பதிந்துவிட்டால் அது பதிந்ததுதான். என் கல்யாணத்தில் என் சித்தி அவருக்கு ஆறிப்போன காபி கொடுத்ததை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். சித்தி இப்போது உயிரோடு இல்லை. காபி இன்னும் ஆறித்தான் இருக்கிறது.

எனக்கும் ஒரு பைத்தியம் உண்டு. சிலிண்டர் மாற்றினால் ஷாம்பு கலந்த தண்ணீரை ரெகுலேட்டரைச் சுற்றிலும் டியூப் நெடுகவும் தடவி, எங்கேயாவது குமிழ் வருகிறதா என்று பார்க்காமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன். "என் மருமக சிலிண்டரைத் தலைக்குக் குளிப்பாட்டுவா" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆடியில் ஒருநாள் நான் தில்லை நகரில் கிளினிக் வேலையில் இருந்தபோது மத்தியானத்துக்கு மேல் அத்தை போன் செய்தார். புது சிலிண்டர் வந்துவிட்டது, கொண்டுவந்தவரே அவசரமாக மாட்டிவிட்டுப் போய்விட்டார் என்றார். நான் வந்து பார்க்கும்வரை அடுப்பைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். அடுப்பைத்தான் சொன்னேன். விளக்கு என் ஞாபகத்திலேயே இல்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி மாடி ஏறினேன். எங்கள் வீட்டு வாசலில் காலிங் பெல்லுக்கு நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டேன். கதவிடுக்கிலிருந்து கேஸ் வாசனை. லேசாகத்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். சாவியை எடுத்துத் திறந்தேன். அவசரத்தில் சாவி இரண்டு தடவை நழுவியது.

ஹாலில் அரை இருட்டு. என் கணவர் ஓசூரில் வேலையாக இருந்தார், வீட்டில் அத்தை மட்டும்தான். கட்டிலில் துண்டால் மூக்கைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகக் கடும் ஜலதோஷம்.

"வந்துட்டியா? இருட்டிடுச்சு பாரு" என்று எழுந்து லைட் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க அத்தை."

நான் அவரிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை. கை அந்தரத்தில் நின்றது.

"கேஸ் லீக் ஆகுது. சுவிட்ச் எதையும் தொடாதீங்க. வெளியில போய் நில்லுங்க."

"எனக்கு ஒண்ணும் வாசனை வரலியே" என்றார். எப்படி வரும்? மூக்கு அடைத்து, குரலே மாறிப்போயிருந்தது. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சமையலறைக் கதவைப் பார்த்தோம்.

அவரை இழுத்துக்கொண்டு கீழே ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கீழ்வீட்டில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவை மெல்லத் திறந்தேன். கண் எரிந்தது. விளக்குச் சுடர் துளியும் அசையாமல் நின்றது. காற்று வராதபடி அவ்வளவு கச்சிதமாக அடைத்திருந்தோம். கேஸ் கனமானது, தரையோடுதான் கிடக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். கிடக்கும் சரி, எவ்வளவு உயரத்துக்கு? முட்டி வரைக்குமா, இடுப்பு வரைக்குமா? சுடர் என் மார்புக்கு நேரே இருந்தது. மூலையில் ஃப்ரிட்ஜ் வேறு. எந்த நிமிஷமும் அது தானாக 'டக்'கென்று ஓட ஆரம்பிக்கும்.

முதலில் சுடர். மூச்சை அடக்கிக்கொண்டு நாலடி வைத்து விளக்கிடம் போய்க் கையை நீட்டினேன். பின்னாலேயே வந்த அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வளையல் சதையில் பதிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தார்.

"விடுங்க அத்தை."

"கைய எடு."

"கீழ குழந்தைங்க இருக்காங்க அத்தை. விடுங்க."

"எடுன்னு சொல்றேன்ல" என்று தோளால் என்னை இடித்துத் தள்ளினார். நான் மேடையில் போய் மோதினேன். அந்த நொடியில் அவரை நான் வெறுத்தேன். சத்தியமாக வெறுத்தேன். எல்லோரும் செத்தாலும் பரவாயில்லை, விளக்கு எரிந்தால் போதும் என்று நிற்கிறாரே என்று நினைத்தேன்.

அத்தை விளக்கின் முன்னால் நின்றார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. பிறகு ஆள்காட்டி விரலால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டார். சுடர் போனது. ஒரே இருட்டு.

"போ, சிலிண்டரை மூடு" என்றார்.

மேடைக்குக் கீழே குனிந்து தடவி ரெகுலேட்டரை மூடினேன். ஜன்னல் கொண்டி இறுகிப்போயிருந்தது. உள்ளங்கையால் குத்திக் குத்தித் திறந்தேன். அத்தை ஸ்டூல் மேல் ஏறி அட்டையைப் பிய்த்துப் போட்டார். காற்று பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. பலகையிலிருந்து ஒரு படம் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. யாரும் அதை எடுக்கவில்லை. வாசற்கதவையும் திறந்துபோட்டுவிட்டு, கீழ்வீட்டில் சொல்லி அவர்களையும் தெருவுக்கு வரச் செய்து, எல்லோருமாக நின்றோம். அத்தையின் விரலில் எண்ணெயும் கரியும் அப்படியே இருந்தன. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

வாசனை முழுக்கப் போனபிறகு மேலே வந்து, டம்ளரில் ஷாம்புவைக் கரைத்துத் தடவி, ரெகுலேட்டரை ஒரு கணம் திருப்பினேன். அது சிலிண்டரில் உட்காரும் இடத்தில் தவளைத் தொண்டை மாதிரி ஒரு குமிழ் உப்பியது. உடனே மூடிக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் விண்டுபோயிருந்தது. சிலிண்டருக்கு மூடியைப் போட்டு இரண்டு பேருமாக பால்கனிக்கு உருட்டிக்கொண்டு போனோம். வழக்கமான கிண்டல் எதுவும் அத்தையிடமிருந்து வரவில்லை.

தினமும் அந்த நேரத்துக்கு நாத்தனார் போன் செய்து விளக்கு எரிகிறதா என்று கேட்பாள். அன்றும் செய்தாள். அத்தை ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"இல்லம்மா. கேஸ் லீக் ஆயிடுச்சு. குளிர வெச்சுட்டேன்."

"அண்ணி அணைச்சாங்களா?" என்றாள்.

"இல்ல, நான்தான். என் கையாலதான்."

அவள் அழ ஆரம்பித்தாள். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

அத்தை மறுபடி அந்த விளக்கை அணையாமல் வைக்க முயலவில்லை. விட்டது விட்டதுதான் என்றார். சாயங்காலம் ஏற்றுவார், சாப்பிடும் முன் குளிரவைப்பார். எனக்கு வேண்டுதலில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அடுத்த இரண்டு மாதமும் துறையூரிலிருந்து போன் வந்தால் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. எட்டாம் மாதத்தில் ஒருநாள் நாத்தனாருக்கு பிரஷர் ஏறிவிட்டது என்று தகவல் வந்தது. அன்று இரவு அத்தை சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தோம்.

புரட்டாசியில் புத்தூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னதும், அத்தை வராந்தா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாளாக அடக்கிவைத்திருந்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நீங்களே அணைக்கறதா இருந்தா, என்னை எதுக்கு அத்தை அப்படித் தள்ளுனீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

"உன் கையால அணைஞ்சு, அவளுக்கு ஏதாவது ஆயிருந்தா, சாகிற வரைக்கும் உன்னைத்தான் சொல்லியிருப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? அவ துறையூருக்குப் போயிடுவா. நான் உன்கூடத்தானே இருந்தாகணும்."