எத்தனை வருஷம், மருமகனே?

கடையில் பணம் கட்டும் இடத்துக்கு வந்ததும் அவன் நெற்றி சுருங்கும். முன்னால் எத்தனை தலை, யார் கூடையில் எவ்வளவு சாமான், கல்லாவில் இருப்பவரின் கை எவ்வளவு சுறுசுறுப்பு என்று நோட்டம் விட்டு ஒரு வரிசையைத் தேர்ந்தெடுப்பான். கல்லூரிக் காலத்து வழக்கம். அவன் போய் நின்ற வரிசை அதோடு நகராது. கூட வேலை செய்பவர்கள் அவன் நிற்கும்வரை பொறுத்திருந்து, பக்கத்து வரிசைக்குப் போய்விடுவார்கள். "வரட்டுமா ஜோசியரே?" என்று வாசலிலிருந்து கையசைப்பார்கள்.

இந்த ஆள்தான் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், ஆயுளைக் கணிக்கும் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறான். எழுபதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, அதுவும் வேகமாகப் பரவும் முரட்டு வகையாக இருந்தால், எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று அது சொல்ல வேண்டும். யோசித்தால் அவனுக்கே சிரிப்பு வரும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவன் வேலையை அம்மா "ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர்" என்பாள். அப்பா "டாக்டர் மாதிரி" என்பார். கேட்டவர் தன் முழங்காலைக் காட்டத் தொடங்கியதும் நழுவிவிடுவார். மின்விசிறி ஓடவில்லை என்றாலும் சரி, சம்பந்தம் தட்டிப்போனாலும் சரி, காரணம் கேட்பது அவனிடம்தான். தெரியாது என்று சொல்லத் தனித் தைரியம் வேண்டும். அது அவனுடைய பாடத்திட்டத்தில் இல்லை.

எழுபதைத் தாண்டிய அப்பாவின் மூத்த அக்காவுக்கு அதே முரட்டு வகை வந்தது. அத்தை, சலவைக் கடையில் இஸ்திரி போட்டுப் போட்டுத் தோள் இறுகியவள். கட்டியை எடுத்த பிறகு டாக்டரம்மா சொன்னார்: "கீமோ கொடுக்கலாம். இந்த வயசுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். வீட்டுல பேசிட்டு வாங்க." வீட்டில் பேசுவது என்றால், எல்லோரும் அவன் முகத்தைப் பார்ப்பது.

"மருமகனே, உன் மிஷின்ல என்னையும் போட்டுப் பாரேன். எத்தனை வருஷம்னு சொல்லு. கம்மின்னா எதுக்கு முடி கொட்டி, வாந்தியெடுத்துக்கிட்டு? இருக்கறவரைக்கும் நிம்மதியா சாப்பிட்டுப் போறேன்."

போட்டுப் பார்த்தான். சின்ன எண்ணாக வந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. படித்தவன் முகம் ஒன்றை வரவழைத்துக்கொண்டு, "கீமோவால பெரிய பலன் இருக்காது போலத்தான் தெரியுது" என்றான். 'போல' என்று சேர்த்ததில் ஒரு விஞ்ஞானியின் அடக்கம் தெரிந்ததாக உள்ளூரப் பெருமை வேறு. அப்பா தலையாட்டினார். டாக்டரம்மாவிடம் வேண்டாம் என்று சொல்வதாக முடிவாயிற்று.

அந்த 'போல' அவனைத் தூங்கவிடவில்லை. நிரல் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று பழைய நோயாளிகளின் விவரங்களைக் கிளறினான். அந்த வயதுப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்குக் கீமோவே கொடுத்திருக்கவில்லை. வயசாகிவிட்டது, தாங்கமாட்டார்கள் என்று விட்டிருக்கிறார்கள். மருந்தில்லாமல் அவர்கள் சீக்கிரம் போய்ச் சேர, வயதானால் அவ்வளவுதான் என்று இவன் நிரல் பாடம் படித்திருக்கிறது. குடை கொடுக்காமல் மழையில் நிறுத்திவிட்டு, இவர்களுக்கு நனைகிற உடம்பு என்று எழுதி வைத்த கதை. எழுதியவன் இவன்.

மறுநாள் அத்தை வீட்டுக்கு ஓடினான். அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான் சொன்னது தப்பு."

"எது, கல்யாணம் வேணாம்னியே, அதுவா?"

"கீமோ. உங்க வயசுல முழு மருந்து எடுத்தவங்க அந்தக் கணக்குல ஏறக்குறைய இல்லவே இல்ல அத்தை. அதை வச்சு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அடப்பாவி! போகப்போறோமேன்னு நல்ல துணியெல்லாம் உங்கம்மாவுக்குத் தூக்கிக் குடுத்துட்டேனே!"

"திருப்பி வாங்கித் தர்றேன்."

"அவகிட்டயா? கிழிச்சே!" என்றவள் துணியை மடித்து ஓரமாக வைத்தாள். "சரி, மருந்து எடுத்தா எத்தனை வருஷம்? அதையாவது ஒழுங்கா சொல்லு."

"பார்த்துட்டுச் சொல்றேன் அத்தை."

டாக்டரம்மா வயதை ஓரமாக வைத்துவிட்டு, இதயத்தையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்தார். நடக்கச் சொல்லிப் பார்த்தார். "தாங்குவாங்க" என்றார். அத்தை திட்டிக்கொண்டே தொடங்கினாள். முடி போயிற்று. பாதம் மரத்துப்போகிறது. ஒவ்வொரு முறையும் அவன்தான் துணைக்குப் போகிறான்.

நிரலையும் பிரித்துத் திருத்திவிட்டான். இப்போது அது, சில மாதங்களிலிருந்து பல வருஷங்கள்வரை என்கிறது. தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார். இதற்கு ஒரு பட்டம்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது அத்தை கேட்பாள்: "கணக்கு வந்துச்சா?"

"இன்னும் இல்ல அத்தை."

"கடன்காரா."

போன முறை, ஊசியைக் கழற்றிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. "நான் ஒண்ணும் பயப்பட மாட்டேன்டா. வாயைத் திறந்து சொல்லேன்."

அவன் வாயைத் திறந்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, உணர்வில்லாத அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, செருப்பின் வாரை மாட்டத் தொடங்கினான்.