பெரட்டு முடிஞ்சிருச்சு

இன்று காலை ஈப்போ பேரங்காடியில், என் மேற்பார்வையில் துப்புரவு வேலை செய்யும் ரோஸி அக்கா பத்து நிமிடம் தாமதமாக வந்தார். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. மற்ற ஏழு பேரும் வரிசையில் நின்றிருந்தார்கள். எனக்கு எரிச்சல்.

"பெரட்டு முடிஞ்சிருச்சுக்கா. வீட்டுக்குப் போங்க."

அவர் நகரவில்லை. ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"பெரட்டுன்னா என்னான்னு தெரியுமா?" என்றார் மெதுவாக.

சின்ன வயதில் எங்களைப் பள்ளிக்குக் கிளப்ப அப்பா, "பெரட்டுக்கு வாங்க" என்பார். அவரே உண்டாக்கிய வேடிக்கைச் சொல் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். தினமும் இவர்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

"எஸ்டேட்ல விடியறதுக்கு முன்னாடி வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்பிடுவாங்க. அதுதான்லா பெரட்டு. தங்கச்சிக்குக் காய்ச்சல்னு எங்கம்மா ஒரு நாள் லேட்டா போனாங்க. பேரு கூப்பிடுற கிராணி, நீங்க சொன்னதையேதான் சொன்னாரு. அன்னிக்கு முழுக்க அம்மா யார்கிட்டயும் பேசல."

வருகைப் புத்தகத்தைத் திறந்து நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா ஆயர் தாவார் எஸ்டேட்டில் பிறந்தவர். அந்தச் சொல்லை எங்களைக் கூப்பிட மட்டுமே வைத்திருந்தார். அதைச் சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பப் பார்த்தது நான்தான்.

நாளை காலை ஏழு மணிக்கு எட்டுப் பேரைக் கூப்பிட வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடலாம்? 'மீட்டிங்' மட்டும் வேண்டாம், அதற்கு நானே வர மாட்டேன்.