அறுபதில் நின்ற முள்

புளியங்கூடலில் எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற அதிகாரியின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்குரூ டிரைவர் நீட்டிக்கொண்டிருக்கும். கராஜ்காரரை நம்பமாட்டார். தன் காரின் பழுதான ஸ்பீடோ மீற்றரைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தானே திருத்தினார். மறுநாள் நயினாதீவுக் கடைசி வள்ளத்தைப் பிடிக்க என்னை அந்தக் காரில் ஏற்றினார். கார் அசைந்ததுமே முள் அறுபதுக்குத் தாவியது. அதற்கு மேல் போகக்கூடாதென்று அதைப் பார்த்துப் பார்த்து ஊர்ந்தார். புங்குடுதீவுப் பாலத்தில் மீன்பெட்டி கட்டிய ஒரு சைக்கிள் எங்களை முந்தியது.

"அண்ணை, சைக்கிளே முந்திப் போகுது."

"ஓம், எழுபதில போறான். விழுந்து சாகப்போறான், விசரன்!" என்று மீற்றர்க் கண்ணாடியை நகத்தால் தட்டினார்.

துறைக்குப் போனபோது வள்ளம் போய்விட்டிருந்தது. கார் நின்ற பிறகும் முள் இறங்கவில்லை.

"பாத்தீரோ, அறுபதில வந்தும் பிடிக்க ஏலாமல் போச்சு. வள்ளக்காரர் நேரத்துக்கு முந்தி வெளிக்கிட்டிட்டினம்."

இந்த மனிசன் ஓர் அரசாங்கக் கந்தோரை எப்படி நடத்தியிருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.